சமூகப் பணியாளர் மீது புகார் கொடுக்க வேண்டுமா? சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

போன ஆண்டு ஈசூனில் ஓர் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடிதம், மருத்துவமனைக் கடிதம், குடும்ப சேவை நிலையத்திலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்கள். இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கித் தமிழில் எழுதியிருந்தார். தன் குடும்பத்தைக் கவனித்துவந்த சமூகப் பணியாளர் மீதான புகார் அது. "தம்பி, இத இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்தா போதும்" என்றார்.

முழுதும் படித்தேன். வாடகை பாக்கிக்கு உதவி கிடைக்கவில்லை என்ற கோபம்தான் மூன்று தாள்களில். 'மதிக்கவே இல்லை', 'அலட்சியம்', 'ஏழை என்றால் இளக்காரம்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. நான்காம் தாளின் கடைசியில், போகிற போக்கில் அரை வரி: லிஃப்ட் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும்போதே, அக்காவின் கணவர் குடிச் சிகிச்சைக்கு ஒழுங்காகப் போகிறாரா என்று அந்தப் பணியாளர் கேட்டாராம்.

அந்த அரை வரியைப் பேனாவால் வட்டமிட்டேன். அக்கா ஆச்சரியப்பட்டார். அவருக்கு அது மற்ற அவமானங்களில் ஒன்று. எனக்கோ, விசாரணைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய புகார் அந்தத் தாள்களில் அது ஒன்றுதான்.

குடும்ப சேவை நிலையங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். என் மேலும் புகார் வந்திருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். நம் குடும்பங்கள் புகார் கொடுக்கத் தயங்குகின்றன. துணிந்து கொடுத்தாலும் பலமான விஷயத்தைப் பலவீனமானவற்றுக்கு அடியில் புதைத்துவிடுகின்றன. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அவர் யார் என்று பாருங்கள்

'சோஷியல் வொர்க்கர்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். குடும்ப சேவை நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருபவரும் அதில் அடக்கம், ஆஸ்பத்திரியில் பில் பற்றிப் பேசும் மருத்துவ சமூகப் பணியாளரும் அடக்கம். சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு நிதி உதவி) விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி, பள்ளியில் பிள்ளையிடம் பேசும் ஆலோசகர், சனிக்கிழமை அரிசி கொண்டுவரும் தொண்டூழியர் எல்லோரையும் அப்படியே கூப்பிடுகிறோம். இவர்கள் அத்தனை பேரும் பதிவு பெற்ற சமூகப் பணியாளர்கள் இல்லை. ஆலோசகர்களுக்கு என்று தனிச் சங்கம் இருக்கிறது. தொண்டூழியர் மீது குறை என்றால் அவரை அனுப்பிய அமைப்பிடம்தான் போக வேண்டும்.

பதிவு பெற்றவர் என்றால், அவர் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் 'ஆர்எஸ்டபிள்யூ' (RSW, பதிவு பெற்ற சமூகப் பணியாளர்) என்ற எழுத்துகள் இருக்கும். அவர் கொடுத்த நேம் கார்டையோ, மின்னஞ்சலின் அடியையோ பாருங்கள். சிங்கப்பூர் சமூகப் பணியாளர்கள் சங்கத்தின் இணையத்தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, பெயரைப் போட்டுத் தேடலாம். நேரிலேயே கேட்டாலும் தப்பில்லை. "நீங்கள் பதிவு பெற்றவரா?" என்று கேட்டால் நல்ல பணியாளர் கோபப்பட மாட்டார்.

இந்தப் பதிவு முறை 2009இல் தொடங்கியது. சமூகப் பணி அங்கீகார, ஆலோசனை வாரியம் என்ற அமைப்பு பதிவைக் கொடுக்கிறது, சங்கம் அதோடு சேர்ந்து வேலை செய்கிறது. பதிவு பெற்றவர் சங்கத்தின் தொழில் ஒழுக்க நெறிகளுக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கிய உரிமம் இல்லை இது. இயன்முறை சிகிச்சையாளர்களுக்கும் பேச்சு சிகிச்சையாளர்களுக்கும் 2011இல் தனிச் சட்டம் வந்தது. சமூகப் பணியாளர்கள் அதற்குள் வரவில்லை.

இது ஏன் உங்களுக்கு முக்கியம்? வாரியத்தின் கையில் இருப்பது பதிவு மட்டும்தான். ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதும், வேறு வேலைக்கு மாற்றுவதும், உங்கள் கேஸை இன்னொருவரிடம் கொடுப்பதும் அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆகவே கடுமையான புகார் என்றால் இரண்டு கதவையும் தட்ட வேண்டும். சங்கத்துக்கு எழுதிவிட்டு நிறுவனத்திடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அடுத்த வாரமும் அதே ஆள்தான் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

முடிவு மீது கோபமா, நடத்தை மீது புகாரா?

இந்த இடத்தில் நிதானமாக உட்காருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் 'எனக்குக் கிடைக்காதது', வலது பக்கம் 'அவர் செய்தது'. உங்கள் மனதில் இருப்பதையெல்லாம் இந்த இரண்டில் ஒன்றில் போடுங்கள்.

இடது பக்கம் பெரும்பாலும் நீளமாக இருக்கும். காம்கேர் உதவி மறுக்கப்பட்டது. மருத்துவச் செலவுக்கான அரசு உதவி நிதியான மெடிஃபண்டில் கேட்ட தொகை கிடைக்கவில்லை. வாடகை வீட்டு விண்ணப்பம் நகரவில்லை. வலி உண்மையானது, ஆனால் அதற்கான வழி வேறு. மெடிஃபண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ சமூகப் பணியாளர் உங்கள் விவரங்களைக் கேட்டு விண்ணப்பத்தைத் தயார் செய்கிறார், ஒப்புதல் கொடுப்பது அந்த மருத்துவமனையின் மெடிஃபண்ட் குழு. காம்கேர் முடிவு பிடிக்கவில்லை என்றால் மறுபரிசீலனை செய்யச் சொல்லி சமூக சேவை அலுவலகத்தில் கேட்கலாம், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய்க் கடிதம் கேட்கலாம். பிள்ளையை வேறு இடத்தில் வைக்கச் சொல்லி இளையர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தால், எந்த ஒழுங்கு விசாரணையாலும் அதை மாற்ற முடியாது. அதற்கு வக்கீல் வேண்டும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவிப் பிரிவை அணுகலாம்.

வலது பக்கத்தில் என்ன வரும்? உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் விஷயத்தை வெளியாட்களிடம் சொன்னது. நடக்காத சந்திப்பை நடந்ததாக எழுதியது. உங்களிடம் பணம் கடன் வாங்கியது அல்லது கொடுத்தது. தன் மச்சான் நடத்தும் கடையில் சாமான் வாங்கச் சொன்னது. உங்கள் மதத்தையோ, சாதியையோ, இனத்தையோ வைத்துப் பேசியது. காதல், பாலியல் தொடர்புக்கு முயன்றது. என்ன கையெழுத்து என்று விளக்காமல் கையெழுத்து வாங்கியது. இவை எல்லாம் ஒழுக்க நெறி சம்பந்தப்பட்டவை.

நடுவில் ஒரு வகையும் உண்டு. போன் பண்ணினால் திரும்பக் கூப்பிடுவதில்லை, சந்திப்பைத் தள்ளிப் போடுகிறார், ஆறு மாதத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். இது சேவைக் குறை. நிறுவனத்திடம் சொன்னால் பொதுவாக அங்கேயே தீரும், சங்கம் வரை போக வேண்டியதில்லை.

ரகசியம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இதில்தான் தவறான புகார்கள் அதிகம். பணியாளர் உங்கள் விஷயத்தை யாரிடமும் சொல்லவே கூடாது என்பதில்லை. உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்கோ முதியவருக்கோ கொடுமை, சட்டம் கேட்கும் சூழ்நிலை என்றால் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். தன் மேற்பார்வையாளரிடம் கேஸைப் பேசுவதும் அவர் வேலையின் பகுதி. லிஃப்ட் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழக் கேட்பது இதில் எதிலும் சேராது.

"உதவி நின்றுபோகுமோ?"

இந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். நம்மவர்களிடம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: சோறு போட்ட கையைப் பற்றி எப்படிக் குறை சொல்வது என்ற கூச்சம். பணியாளரும் தமிழராக இருந்துவிட்டால் இன்னும் மோசம். கோயிலில் பார்க்க வேண்டியிருக்கும், தேக்காவில் பார்க்க வேண்டியிருக்கும், நம்ம பிள்ளையை நாமே காட்டிக் கொடுப்பதா என்பார்கள்.

அந்த உதவி அவர் சொந்தப் பையிலிருந்து வரவில்லை. அது உங்களுக்கு உரிய சேவை, அதைக் கொடுப்பது அவருக்குச் சம்பளம் கிடைக்கும் வேலை. புகார்க் கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள்: 'விசாரணை நடக்கும்போது என் குடும்பத்துக்கான உதவி தொடர வேண்டும், வேறு பணியாளரை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.' இந்த வரி எழுத்தில் இருந்தால், அதற்குப் பிறகு உதவி நின்றால் ஏன் என்று நிறுவனம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடிதம் எழுதுவது

ஒரு கடிதம், ஒன்று அல்லது இரண்டு பக்கம். பத்து ஆண்டு வரலாறு வேண்டாம். நடந்ததை நடந்த வரிசையில், தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், என்ன சொல்லப்பட்டது என்று எழுதுங்கள்.

அக்கா முதலில் எழுதியது: 'அவர் எங்கள் குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டார்.'

மேசையில் உட்கார்ந்து, போனில் இருந்த வாட்ஸப் செய்திகளைப் பார்த்துத் தேதியைக் கண்டுபிடித்தோம். அன்று மாலை அந்தப் பணியாளர் 'நான் கீழே இருக்கிறேன்' என்று அனுப்பியிருந்தார், நேரம் 5:10. அப்புறம் இப்படி எழுதினோம்: 'மார்ச் 12, மாலை சுமார் 5:15 மணி, எங்கள் புளோக் நான்காம் மாடி லிஃப்ட் வாசல். நானும் சமூகப் பணியாளரும் லிஃப்டிலிருந்து வெளியே வந்தோம். என் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று அடி தூரத்தில் லிஃப்டுக்குக் காத்திருந்தார். அப்போது பணியாளர் என்னிடம், "ஹஸ்பெண்ட் குடிச் சிகிச்சைக்கு ஒழுங்கா போறாரா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் என் கணவரிடம் அதைப் பற்றி விசாரித்தார்.'

இரண்டாவதைப் படிப்பவருக்குக் கோபம் தானாக வரும். நீங்கள் கோபப்பட்டு எழுத வேண்டியதில்லை. 'மோசமானவர்', 'திமிர் பிடித்தவர்' போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள், அவர் சொன்ன சொற்களை அப்படியே வையுங்கள். தமிழில் சொன்னார் என்றால் தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருள் எழுதுங்கள். மொழிபெயர்க்கும்போது பலதும் மாறிப்போகிறது. 'நீ' என்று பேசினாரா, 'நீங்கள்' என்று பேசினாரா என்பது ஆங்கிலத்தில் காணாமலே போய்விடும். அதைத் தனியாக விளக்குங்கள்.

கடிதத்தைத் தமிழில் எழுதவே கூசாதீர்கள், தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனால் கூடவே ஆங்கிலப் பிரதி ஒன்று இருந்தால் வேலை வேகமாக நடக்கும். மொழிபெயர்க்கப் பள்ளிப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள், குடும்பத்தின் ரணத்தை அந்தப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்? விசாரணைக்கு நேரில் கூப்பிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

கடைசியில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். மன்னிப்பா, வேறு பணியாளரா, கோப்பில் தவறாக எழுதியதைத் திருத்துவதா, அவர் பதிவைப் பற்றி விசாரிப்பதா? இதை எழுதாததால் 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்ற பதிலோடு முடிந்துபோன கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் மட்டும் போகட்டும். வாட்ஸப் செய்திகளை அழிக்காதீர்கள், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

உங்களைப் பற்றிக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமா? நிறுவனம் தனியார் தொண்டு அமைப்பு என்றால், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்கள் சொந்தத் தகவலை அவர்களிடம் கேட்கலாம். 30 நாளுக்குள் கொடுக்க முடியாவிட்டால் எப்போது தருவோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சிறு கட்டணம் கேட்கலாம். மற்றவர்களைப் பற்றிய பகுதிகளை மறைத்துத்தான் கொடுப்பார்கள். அமைச்சு போன்ற அரசு அமைப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

எந்தக் கதவை முதலில் தட்டுவது?

வழக்கமான வரிசை: பணியாளரின் மேற்பார்வையாளர் அல்லது நிலையத் தலைவர், அவரிடம் பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. ஆஸ்பத்திரி என்றால் நோயாளிகளின் கருத்துகளைப் பார்க்கும் பிரிவு. ஒழுக்க நெறி சம்பந்தப்பட்டது என்றால் கூடவே சங்கத்துக்கும் எழுதலாம். நிறுவனத்தின் பணம் தவறாகப் போகிறது என்ற சந்தேகம் வேறு விஷயம். அதை அறநிறுவனங்களின் ஆணையரிடம் கொண்டுபோங்கள்.

தொட்டார், மிரட்டினார், அடித்தார், பணத்தை ஏமாற்றினார் என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். போலீசுக்குப் போங்கள். அவசரம் என்றால் 999. வன்முறை, பாலியல் தொல்லை பற்றிப் பேச 1800 777 0000 என்ற தேசிய உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது. 'முதலில் நாங்கள் உள்ளேயே விசாரிக்கிறோம், போலீஸ் வேண்டாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். கை துறுதுறுக்கும், தெரியும். அவருடைய படம், முகவரி, குடும்ப விவரம் போட்டு ஆட்களை ஏவிவிட்டால், தொல்லைகளிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். தனிப்பட்ட விவரங்களை இப்படி வெளியிடுவது 2020 ஜனவரி முதல் குற்றம். அவதூறு வழக்கு வேறு. நல்ல புகாரை இப்படி வீணாக்கியவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கொடுத்த பிறகு

கிடைத்தது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். யார் பார்க்கிறார்கள், எப்போது பதில் வரும் என்று கேட்டுத் தேதியைக் குறித்து வையுங்கள். அந்தத் தேதி தாண்டினால் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள், மனதுக்குள் குமுறிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

நீங்கள் எழுதியது அந்தப் பணியாளரிடமும் காட்டப்படும் என்று எதிர்பாருங்கள். என்ன குற்றச்சாட்டு என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. பெயரில்லாப் புகார் பெரும்பாலும் எங்கும் போகாததற்குக் காரணம் இதுதான். விசாரணையில் அவர் சொல்வது உங்கள் நினைவோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்போது தேதியும் சாட்சியும்தான் பேசும்.

வாரியமோ சங்கமோ உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தராது, யாரையும் சிறைக்கு அனுப்பாது. அவர்கள் பார்ப்பது இந்த ஆள் இந்தத் தொழிலில் பதிவோடு இருக்கத் தகுந்தவரா என்பதை. எச்சரிக்கையோடு முடியலாம், பதிவே போகலாம், ஆதாரம் போதவில்லை என்றும் வரலாம். ஆதாரம் போதவில்லை என்று பதில் வந்தால், 'பொய் சொன்னாய் என்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பணியாளர் மறுத்து, பக்கத்து வீட்டுக்காரரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அக்காவின் புகாரும் அப்படி முடிந்திருக்கலாம்.

அக்காவுக்கு என்ன நடந்தது? நிறுவனம் விசாரித்தது. அந்தப் பணியாளர் அப்படிக் கேட்டதை ஒப்புக்கொண்டார், பக்கத்தில் ஆள் நின்றதைக் கவனிக்கவில்லை என்றார். எழுத்தில் மன்னிப்பு வந்தது, வேறு பணியாளர் வந்தார். அக்காவுக்கு அது போதும் என்று தோன்றியது, சங்கம் வரை போகவில்லை. வாடகை பாக்கிக்கு மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குத் தனியாகப் போனோம்.

உங்கள் மேலேயே புகார் வந்தால்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்கும் கொஞ்சம்.

எனக்கு வேலையில் இரண்டாவது ஆண்டு. ஒரு தாத்தா என் மேல் புகார் கொடுத்தார்: வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, மூன்று முறை. அந்த மேலாளர் அறையில் குளிரூட்டியின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 'இரண்டு முறைதான்!' என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கோப்பைத் திறந்து பார்த்தால், மூன்றாவது தேதியில் நான் ஒன்றுமே எழுதவில்லை. போனேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. தாத்தா நாட்காட்டியில் ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அவர் சொன்னதுதான் சரி.

அன்று இரவு அந்த இடத்தில் ஒரு வரி எழுதி நிரப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுதவில்லை, அதனால்தான் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறேன். போகாமல் விட்டது சேவைக் குறை. கோப்பைத் திருத்தியிருந்தால் அது நேர்மைக் குறை, பதிவையே பறிக்கக்கூடியது. விட்டுப்போனதை எழுதத்தான் வேண்டும் என்றால், இன்றைய தேதி போட்டு, 'பின்னர் சேர்த்தது' என்று தெளிவாக எழுதுங்கள்.

புகார் கொடுத்தவரை நீங்களே கூப்பிட்டுச் சமாதானம் பேசாதீர்கள். "அம்மா, ஏம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று பாசமாகக் கேட்டாலும் அது அவருக்கு மிரட்டலாகக் கேட்கும். நண்பர்களின் வாட்ஸப் குழுவில் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் புலம்பாதீர்கள், அது இரண்டாவது புகாராக மாறும். குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள், தவறு நடந்த இடத்தில் நடந்தது என்று எழுதுங்கள். போலீஸ் சம்பந்தப்பட்டால் வக்கீலைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தூக்கம் வராது. வீட்டில் யாரிடமாவது 'வேலையில் ஒரு பிரச்சினை' என்று மட்டும் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். காலையில் மேற்பார்வையாளரைப் பார்க்கப் போகும்போது கோப்பை முழுதாக எடுத்துப் போங்கள், வெற்றாக விட்ட பக்கங்களோடு சேர்த்து.